பஸ்ஸிலிருந்து மணிக்கட்டுக்கு

கிருஷ்ணன்கோவில் நிறுத்தத்தில் வந்து நிற்கும் அரசு பஸ் எதிலும் தலைவர் பெயர் இருக்காது. நாற்பதைத் தாண்டிய உள்ளூர்க்காரர்களுக்குக் காரணம் தெரியும்.

1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியது கருணாநிதி அரசு. கட்டபொம்மனின் தளபதி அவர், தேவேந்திரகுலத்தில் பிறந்தவர். ‘அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம்’ என்று கிளம்பிய எதிர்ப்பு, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கலவரமாகி உயிர்ப்பலி வாங்கியது. கடைசியில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்படித்தான்.

பெயர் போனது, பகை போகவில்லை. தென்மாவட்டப் பள்ளிகளில் அது கயிறாக வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறம். எல்லோருக்கும் ஒரே சீருடைதான். ஆனால் விளையாட்டு அணியில் யாரைச் சேர்ப்பது, மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவது என்பதை மணிக்கட்டு முடிவு செய்தது. 2019-இல் பள்ளிக் கல்வி இயக்குநர் இதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பினார். தன் கவனத்துக்கு வராமல் போன உத்தரவு என்றார் அன்றைய அமைச்சர் செங்கோட்டையன். பழைய நிலையே தொடரும் என்றும் சொல்லிவிட்டார். பெரியவர்கள் எந்த இடத்தில் பின்வாங்குகிறார்கள் என்பது பையன்களுக்கு நன்றாகவே புரியும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி மூன்றுக்கும் தடை கேட்டது. நெற்றிக் குறியைப் பிடித்துக்கொண்டு அரசியல் கட்சிகள் சண்டை போட்டன. வெட்டுப்பட்ட பிள்ளைகள் பேச்சிலிருந்தே நழுவிப்போனார்கள்.

இத்தனைக்கும் 1939-இல் வைத்தியநாத அய்யர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் சென்றபோது துணை நின்றவர் முத்துராமலிங்கத் தேவர். அவருடைய குருபூஜை மேடைகளில் இதை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

கயிற்றைக் கழற்றச் சொல்லும் வேலையை பி.டி. வாத்தியார் தலையில் மட்டும் கட்டாதீர்கள், தலைவர்களே. அடுத்த விழாவில், உங்கள் சாதிப் பிள்ளைகள் முன்னால், மைக்கைப் பிடித்து நீங்களே சொல்லுங்கள்.