பாரிசவாதமும் மூளையின் வாய்க்கால்களும்

பாரிசவாதம் இரு வகைப்படும். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவது ஒன்று. குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது மற்றது. பின்னையது எண்ணிக்கையில் குறைவு, ஆபத்தில் கூடியது. அதற்கு முதன்மையான காரணம் கட்டுப்படுத்தப்படாத உயர் இரத்த அழுத்தம், அதாவது நாம் ‘பிறஷர்’ என்று சொல்வது.

குளமும் வாய்க்காலும்

மூளையின் மேற்புறம் நரைநிறமானது. கட்டளையிடும் கலங்கள் அங்கே உள்ளன. உள்ளே இருப்பது வெண்பகுதி. கட்டளையைக் கொண்டு செல்லும் நரம்பு நார்களால் ஆனது அது. நார்களைச் சுற்றியுள்ள ‘மயலின்’ என்னும் கொழுப்புறையே வெண்ணிறத்துக்குக் காரணம். மேற்புறத்தைக் குளம் என்றால் வெண்பகுதி வாய்க்கால். குளம் நிறைந்திருந்தாலும் வாய்க்கால் உடைந்தால் வயல் காயும்.

பிறஷரால் வெடிக்கும் சிறு குழாய்கள் பெரும்பாலும் மூளையின் ஆழத்தில் உள்ளவை. முகம், கை, கால்களுக்கான நார்கள் அவ்விடத்தில் ஒடுங்கிய ஒரு கட்டாகச் சேர்ந்து இறங்குகின்றன. ஆகவே சிறிய கசிவுகூட உடலின் ஒரு பக்கத்தை வீழ்த்திவிடலாம். நார்கள் கீழே பக்கம் மாறுவதால், இடப்புறம் கசிந்தால் வலது கைகால் பாதிக்கப்படும்.

சேதம் ஒரே நாளில் முடிவதில்லை

முதலில் தேங்கிய இரத்தம் நார்களை நசுக்கும், சிலவற்றை அறுக்கும். பின்னர் மூளை வீங்கும். அடுத்த நாட்களில் இரத்தம் சிதைந்து வெளிவிடும் இரும்பு, மயலின் உறையையும் அதை உண்டாக்கும் கலங்களையும் கெடுக்கும். அறுந்த நார், அறுந்த இடத்துக்கு அப்பால் வாடிப்போகும். இதனை 1850 இல் ஒகஸ்டஸ் வோலர் என்ற ஆங்கிலேய வைத்தியர் தவளையின் நரம்பில் கண்டறிந்தார்.

அறுந்த நார் மூளையில் மீள வளர்வது அரிது. ஆனால் நசுங்கிய நார், வீக்கம் வடிந்தபின் மீண்டும் வேலை செய்யக்கூடும். எஞ்சிய நார்களும் பயிற்சியினால் கூடுதல் வேலையை ஏற்கும். முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் விரைவாக இருக்கும். பின்னரும் மெல்லத் தொடரலாம்.

நோயாளி தாமதித்துப் பதில் சொன்னாலோ, எதிலும் நாட்டமின்றி இருந்தாலோ, ‘வீம்பு’ என்று ஏசாதீர்கள். செய்தி செல்லும் வழியே பழுதடைந்துள்ளது.

நாம் செய்ய வேண்டியவை

1. முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

2. வாயில் தண்ணீரோ உணவோ கொடுக்காதீர்கள், புரையேறலாம். அஸ்பிரினும் கொடுக்க வேண்டாம். கசிவா அடைப்பா என்பதை ஸ்கான் எடுத்தே அறியலாம். கசிவென்றால் அஸ்பிரின் அதைக் கூட்டக்கூடும்.

3. வீட்டுக்கு வந்தபின், வைத்தியசாலையில் காட்டித்தந்த பயிற்சிகளை நாள்தோறும் செய்வியுங்கள். வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு விலகும்.

4. பிறஷர் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். உப்பு, கருவாடு, ஊறுகாயைக் குறையுங்கள். சுகமாயிருக்கிறது என்று குளிசையை நிறுத்தாதீர்கள்.

இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இன்னொன்றும் முக்கியம். அவசரமாகப் புறப்படும் வேளையில் குளிசை தவறிவிடுகிறது. புதிய இடத்தில் கிளினிக்கைத் தேடுவதற்குள் வாரங்கள் ஓடிவிடுகின்றன. காணி உறுதியும் அடையாள அட்டையும் வைக்கும் பையிலேயே கிளினிக் கொப்பியையும் ஒரு மாதக் குளிசையையும் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் அருகிலுள்ள வைத்தியசாலையில் அந்தக் கொப்பியைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள்.