மேரி கட்டடத்தில் வைக்க வேண்டிய பதிவேடு

நகராட்சியும் நாமும் – 7

சென்ற இதழில் நகராட்சிகளின் வரவு செலவைப் பற்றிப் பேசினோம். பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைப் பார்த்துவிட்ட பிறகு, அதைச் செலவிடத் தீர்மானம் போடுகிறவருக்கும் அந்தச் செலவினால் பிழைக்கிறவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதுதான் முறை. இந்தக் கேள்வியைத் தமிழ் வழங்கும் எந்த ஊரை முன்வைத்தும் கேட்கலாம் என்றாலும், புதுச்சேரியை முன்வைத்துக் கேட்பதில் ஒரு விசேஷப் பொருத்தம் உண்டு. ஏனென்றால், அந்த ஊர் இந்தக் கேள்வியை முந்நூறு வருஷங்களுக்கு முன்பே, ஒரு மனிதருடைய உயிர் போன பிறகு, பிரெஞ்சு மன்னரின் சபை வரையில் கொண்டுபோய்த் தீர்ப்பு வாங்கியிருக்கிறது.

பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராகவும் ஊர்த் தமிழர்களுக்கு முதல்வராகவும் விளங்கிய நயினியப்ப பிள்ளையை 1716-ஆம் ஆண்டு கவர்னர் எபேர் சிறையில் அடைத்தார். குற்றம் சாட்டியவர் எபேர், விசாரித்தவர் எபேர், தீர்ப்புச் சொன்ன சபையின் தலைமை ஆசனத்தில் இருந்தவரும் எபேரே. நயினியப்பரின் தரகர் பதவியில் ஒரு கிறிஸ்தவரை அமர்த்திவிட வேண்டும் என்று யேசு சபைப் பாதிரிமார்கள் வெகுகாலமாக முயன்றுகொண்டிருந்தார்கள். விசாரணையில் மொழிபெயர்த்துச் சொன்னவரோ அவர்களுடைய உபதேசியாரின் மகன். கடைவீதியில் ஐம்பது கசையடி, மூன்று வருஷச் சிறை, பெருந்தொகை அபராதம் என்று தீர்ப்பாயிற்று. 1717-இல் நயினியப்பர் சிறையிலேயே மாண்டார். அதற்குப் பின், அவருக்கு வேண்டியவர்கள் கடல் கடந்து அனுப்பிய விண்ணப்பங்களின் பலனாகப் பழைய தீர்ப்பு ரத்தாயிற்று. எபேர் பதவி இழந்து பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். நயினியப்பரின் மகன் குருவப்பர் பாரிசுக்கே சென்று, ஞானஸ்நானம் பெற்று, செயின்ட் மிஷேல் வீரப்பட்டத்தோடு திரும்பித் தகப்பனாரின் உத்தியோகத்தில் அமர்ந்தார்.

நயினியப்பர் குற்றவாளியா, நிரபராதியா என்று இத்தனை காலத்துக்குப் பிறகு நாம் விவாதிக்க வேண்டியதில்லை. அந்தப் பழைய தீர்ப்பு ஒருவேளை நியாயமான தீர்ப்பாகவே இருந்திருந்தாலும் அதை நம்புவதற்கு யாராலும் முடிந்திராது என்பதே நமக்கு வேண்டிய பாடம். முடிவில் லாபமடையக்கூடியவர் முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்பது வெளிப்பட்டுவிட்டால், அவர் உண்மையில் பட்சபாதம் காட்டினாரா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லாமல் போய்விடுகிறது. லஞ்சத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுதான்: லஞ்சத்தில் கை நீட்டியதை நிரூபிக்க வேண்டும்; இங்கே உட்கார்ந்த இடமே போதும்.

நயினியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையின் மைந்தர்தாம், டைரியினால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் கவர்னர் துய்ப்ளெக்சின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். அதே சமயத்தில் சொந்தக் கப்பலும் சரக்கும் உடைய வியாபாரி. கம்பெனியின் காரியத்தையும் தம் காரியத்தையும் ஒரே நாளில், சில சமயம் ஒரே சம்பாஷணையில், அவர் நடத்தியிருக்கிறார். இன்றைய விதிகளைக் கொண்டு அவரை அளப்பது அநியாயம். அந்த நாளில் அது குற்றமென்று ஒருவரும் நினைக்கவில்லை. ஆனால் 1736 முதல் தம் அந்திமக் காலம் வரையில், யார் யாருக்கு என்ன நஜர் (காணிக்கை) வைத்தார்கள், எந்தப் பதவிக்கு யார் எவ்வளவு கொடுக்க முன்வந்தார்கள், கவர்னரின் மனைவி எந்தெந்த விவகாரத்தில் தலையிட்டார் என்று அவர் எழுதிக்கொண்டே போனாரே, அது ஒரு மகத்தான உபகாரம். இன்று உலகமெங்கும் நகர சபைகளில் வைக்கச் சொல்கிறார்களே, உறுப்பினர்களின் சொந்த நலன்களைக் குறிக்கும் பதிவேடு, அதன் முன்மாதிரி ஒன்றை அவர் தம்மையறியாமலே எழுதி வைத்துவிட்டார் என்று சொன்னால் மிகையாகாது.

பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தேசத்துச் சட்டங்களைப் புதுச்சேரியில் நிலைநாட்டிய காலத்தில், 1810-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமும் உடன் வந்தது. அதன் 175-ஆம் பிரிவு கவனிக்கத்தக்கது. தன் நிர்வாகத்திலோ மேற்பார்வையிலோ உள்ள ஏலத்திலும் ஒப்பந்தத்திலும் ஓர் உத்தியோகஸ்தர் வெளிப்படையாகவோ, போலிப் பத்திரத்தின் மூலமாகவோ, இன்னொருவரை முன்னிறுத்தியோ எவ்விதப் பங்கு வைத்துக்கொண்டாலும், அவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரையில் சிறை. அதன்பின் ஆயுள் முழுவதும் அரசாங்க உத்தியோகத்துக்கு அவர் அருகதையற்றவர். பினாமி என்ற உபாயத்தை நாம் ஏதோ நம் நாட்டின் தனிச் சரக்கு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். நெப்போலியனின் சட்ட நிபுணர்கள் அதை நன்றாக அறிந்து, கதவைச் சாத்தியும் வைத்திருந்தார்கள்.

1880-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து ஆணையினால் புதுச்சேரியில் கொம்யூன் என்ற நகராட்சிகளும் மேயர்களும் ஏற்பட்டன. நான்கு வருஷங்களுக்குப் பின் பிரான்சுக்கென்று இயற்றப்பட்ட நகராட்சிச் சட்டம், சொந்த நலன் உள்ள உறுப்பினர் பங்கெடுத்துக்கொண்ட தீர்மானம் ரத்து செய்யத்தக்கது என்று விதித்தது; தீர்மானம் மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடத்தின் வாசற்கதவில் ஒட்டப்பட்ட பதினைந்து நாளைக்குள், வரி கட்டும் எந்தக் குடிமகனும் அந்த ரத்தைக் கோரலாம். மேலதிகாரி கண்டுபிடிப்பார் என்று காத்திராமல், வரி கட்டுகிறவனையே காவலனாக்கிய அந்த யுக்தியை நான் மிகவும் மெச்சுகிறேன். அத்தகைய வாசற்கதவு புதுச்சேரிக்கு வாய்த்திருந்தாலும், வன்முறைக்கும் கள்ள வாக்குக்கும் பேர்போன அந்நாளைய பிரெஞ்சிந்தியத் தேர்தல்களின் நடுவே, அதில் ஒட்டிய காகிதத்தை யார் நின்று படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

விடுதலைக்குப் பின், 1973-ஆம் ஆண்டுப் புதுச்சேரி நகராட்சிகள் சட்டம் வந்தது. மேயர் போய் நகராட்சித் தலைவர் வந்தார். அடுத்திருந்த சென்னை மாகாணத்தில் 1920 முதலே வழங்கிய சட்டத்தின் போக்கு, நகராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் பங்குடையவர் உறுப்பினராக இருக்கவே தகுதியற்றவர் என்பது. கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் புதுச்சேரி எவ்வளவு பெரியது? கடற்கரை வீதியிலிருந்து புறப்பட்டு நடந்தால், கால் வலிப்பதற்கு முன் பழைய நகரத்தின் மேற்கு எல்லை வந்துவிடும். கூபேர் மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவருக்கு நகராட்சிதான் வீட்டுக்காரர். அவருடைய தம்பி கட்டடக் காண்ட்ராக்டர். சம்பந்தி விடுதி நடத்துகிறார். விடுதிக்கு வேண்டிய லைசென்ஸோ நகராட்சியினுடையது. சம்பந்தமே இல்லாதவரைத்தான் சபைக்கு அனுப்புவோம் என்றால், ஊரோடு ஒட்டாதவரும் அரசியலையே தொழிலாகக் கொண்டவருமே மிஞ்சுவார்கள். ஆகையால் சிறிய ஊருக்கு ஏற்ற விதி, விலக்கி வைப்பதைக் காட்டிலும் வெளிப்படுத்த வைப்பதே என்பது என் அபிப்பிராயம்: சம்பந்தம் இருக்கட்டும், அதைச் சொல், சொல்லிவிட்டு எழுந்து வெளியே போ, போனதை நடவடிக்கைக் குறிப்பில் எழுது.

யாருடைய சம்பந்தத்தைச் சொல்ல வேண்டும் என்பதில்தான் விதி எழுதுகிறவர்கள் சறுக்குகிறார்கள். அரசாங்க ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு மத்திய நடத்தை விதிகளில், தன் குடும்பத்தாருக்கு அக்கறை உள்ள ஒப்பந்தத்தைத் தானே கவனிக்காமல் மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற நல்ல விதி இருக்கிறது. ஆனால் குடும்பம் என்பதற்கு அந்த விதிகள் கொடுக்கும் விளக்கத்தில், கணவன் மனைவியரைத் தாண்டினால், அவரை அண்டிப் பிழைப்பவர்கள் மட்டுமே அடங்குவார்கள். சொந்தக் காலில் நிற்கிற மைத்துனர் அதில் வரமாட்டார், சம்பந்தி வரமாட்டார், தனிக்குடித்தனம் போய்த் தொழில் செய்கிற மகனும் வரமாட்டார். நம் சமூகத்தின் ஸ்வபாவம் அறிந்தவர்கள், மைத்துனரை விட்டுவிட்டு ஒரு விதியை எழுதலாமா? அன்பளிப்புக்கு வரம்பு, பதவி விட்டபின் சில காலம் காண்ட்ராக்ட் எடுக்கக் கூடாது என்ற தடை முதலியவற்றையும் விதிகளில் சேர்க்க வேண்டியதுதான். அவற்றில் விவாதத்துக்கு அதிகம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்காகப் புதுச்சேரியில் கம்பெனிச் சட்டப்படி ஒரு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஒவ்வொரு இயக்குநரும் தமக்கு எந்தெந்த நிறுவனங்களில் அக்கறை உண்டு என்பதை முதற்கூட்டத்திலேயே எழுதிக்கொடுக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஆக, ஊரின் பெயரால் நடக்கும் கம்பெனிக்குள் இந்த ஒழுங்கு சட்டமாக இருக்கிறது. ஊருக்கு வேண்டிய சபையில் அதைப் பிரயோகிக்கலாம் என்றால், அங்கே சபையே இல்லை.

ஆம், விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. 1968-க்குப் பிறகு புதுச்சேரியில் நகராட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். இடையில் முப்பத்தெட்டு வருஷங்கள். அந்தச் சபைகளின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தல், வழக்குகளில் சிக்கி நின்றுபோயிற்று. அதற்கிடையில், பிரெஞ்சுக்காரர் காலத்து மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழ, உலக வங்கியின் கடனுதவியோடு பழைய உருவத்திலேயே எழுப்பி, 2021 பிப்ரவரியில் பிரதம மந்திரியைக் கொண்டு திறப்பு விழாவும் செய்துவிட்டார்கள். கட்டடத்தை மீட்பதற்கு ஆறேகால் வருஷம் போதுமானதாக இருந்தது. அதில் கூட வேண்டிய சபையை மீட்க அது போதவில்லை.

ஜனப்பிரதிநிதிகள் இல்லாவிட்டால் சுயநலமும் இல்லை, உத்தியோகஸ்தர் ஆட்சி சுத்தமானது என்று வாதிப்பவர்கள் உண்டு. சென்னை மாநகராட்சியில் மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பட்டியல்) ஊழல் வெளிப்பட்டபோது, 1973-இல் சபையையே கலைத்தார்கள்; அடுத்த தேர்தல் நடந்தது 1996-இல். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் அது. இருபத்து மூன்று வருஷ காலம் சென்னையில் காண்ட்ராக்டர்கள் இல்லாமற்போனார்களா, அவர்களுக்கு உறவினர் இல்லாமற்போனார்களா? சபை இல்லாத இடத்தில் சொந்த நலன்கள் மறைந்துபோவதில்லை. குடிமகன் உட்கார்ந்து கேட்கக்கூடிய கூட்டத்திலிருந்து, அவன் நுழைய முடியாத அறைக்கு மாறிவிடுகின்றன. கோப்பில் ஆணையர் போடும் கையெழுத்துக்கு முன்னால், யார் எழுந்து வெளியே போனார்கள் என்ற குறிப்பு எந்த நடவடிக்கைப் புத்தகத்திலும் இராது.

தேர்தல் வரும்வரை விதிகள் காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆணையர் முதல் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் வரையில், ஒப்பந்தத்திலும் அனுமதியிலும் கையெழுத்திடும் ஒவ்வொருவரும் தங்களுக்கும் மைத்துனர் உட்படத் தங்கள் உறவினருக்கும் நகராட்சியோடு உள்ள வியவகாரங்களை ஒரு பதிவேட்டில் எழுதி, அதை மேரி கட்டடத்தில் எவரும் கேட்டுப் பார்க்கும்படி வைக்கலாம். உள்ளாட்சித் துறையின் ஓர் ஆணை அதற்குப் போதும். பதிவேட்டை மீறுகிறவர்களைப் பற்றிய புகாருக்கும் வழி உண்டு: உள்ளாட்சிப் புகார்களை விசாரிக்கக் கேரளம் ஒரு குறைதீர்ப்பாளரை நியமித்துக் கால் நூற்றாண்டு ஆகிறது. தமிழ்நாடும் 2014-இல் அதற்குச் சட்டம் செய்தது.

புதுச்சேரி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்றாவது ஒரு நாள் நகராட்சித் தேர்தல் வரும். வேட்பாளர்களும் உங்கள் வாசலுக்கு வருவார்கள். அவர்களுடைய சொத்து எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். நகராட்சியில் அவர்களுக்கு என்ன கடை, என்ன காண்ட்ராக்ட், என்ன பாக்கி, அவர்கள் மைத்துனருக்கு என்ன என்று கேளுங்கள்; எழுத்திலே கேட்டு, கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)