ஒன்பதாவது இடம்

பரீட்சை முடிவு வந்துவிட்டால் மல்லேஸ்வரத்து மாணவர் அறைகளில் ஒரே பேச்சுத்தான்: “நன்றாகத்தானே படித்தேன், ஏன் கிடைக்கவில்லை?” உழைத்த அளவுக்குப் பலன் நிச்சயம் என்ற நம்பிக்கையே இக்கேள்வியின் வேர்.

அப்துல் கலாம் விமானியாக விரும்பினார். டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் 25 பேரில் அவர் 9-ஆவதாக வந்தார். எடுத்துக்கொண்டதோ 8 பேரை. தம்மைத் தயார் செய்துகொள்வது அவர் கையில் இருந்தது. மற்ற எட்டுப் பேரின் திறமை அவர் கையில் இல்லையே!

பின்னர் அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட், 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி வங்கக் கடலில் விழுந்தது. பல்லாண்டு உழைப்பைக் கவிழ்த்தது சிக்கிக்கொண்ட ஒரு வால்வு! அப்போது விண்வெளி நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். நம் பேட்டைக்கு அருகே, ஊரார் டாட்டா இன்ஸ்டிடியூட் என்றழைக்கும் விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரும் அவரே. பத்திரிகையாளர்முன் தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றார் என்று கலாம் கூறியிருக்கிறார்.

கையில் இல்லாததற்குப் பொறுப்பு ஏன் என்று கேட்கலாம். விழுந்தது கைமீறிய காரியம். விழுந்த காரணத்தை ஆராய்வது கைக்குட்பட்ட வேலை அன்றோ? அதைச் செய்தார்கள். 1980 ஜூலை 18-இல் ரோகிணி சுற்றுப்பாதையை அடைந்தது.

விமானி ஆசை மட்டும் நிறைவேறவில்லை. 2006-இல் சுகோய் போர் விமானத்தில் கலாம் பறந்தார். குடியரசுத் தலைவராக, பின் இருக்கையில்.