வெயிலுக்குப் போடுற துணிக்கூரை, ஆடிக்காத்துக்கு நிக்குமா?

(எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுத்திருக்கிறோம்.)

பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு உங்க போன்லயும் இருக்கும். குட்மார்னிங் படங்களுக்கு நடுவுல திடீர்னு ஒருத்தர், "நம்ம ஸ்கூலுக்கு ஏதாவது செய்யலாமே"ன்னு ஆரம்பிப்பார். 2022 டிசம்பர்ல 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வந்த பிறகு, அரசுப் பள்ளிக்குப் பணம் கொடுக்க முறையான வழியும் இருக்கு. அப்போ யாராவது கட்டாயம் சொல்ற யோசனைதான் இன்னைக்கு நம்ம விஷயம்: வாலிபால் கோர்ட்டுக்கு மேல துணிக்கூரை போட்டுடலாமா?

யோசனை நல்லதுதான். 2023ல வெயிலால பள்ளித் திறப்பு ஜூன் 12 வரைக்கும் தள்ளிப் போச்சு. 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னே தமிழ்நாடு அரசு அறிவிச்சது. அதே வருஷக் கோடையில புதுச்சேரி சிக்னல்கள்ல பச்சை வலைப் பந்தல் போட்டாங்க, பிறகு சென்னையிலயும் சில சிக்னல்கள்ல வந்தது. "சிக்னல்ல முடியுதுன்னா ஸ்கூல்ல ஏன் முடியாது?"ன்னு கேட்கத் தோணும். முடியும். ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி நாலு விஷயம் தெரிஞ்சிருக்கணும்.

உதாரணத்துக்கு சங்கரன்கோவிலை எடுத்துக்கலாம். ரெண்டு காரணம். முதலாவது, அது தறி ஊர். விசைத்தறி சத்தம் கேட்டு வளர்ந்தவங்களுக்கு, துணியை எப்படி இழுத்துக் கட்டணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரெண்டாவது, அது காத்து ஊர். செங்கோட்டை, ஆரியங்காவு பக்கம் மலையில இருக்கிற இடைவெளி வழியா தென்மேற்குப் பருவக்காத்து இந்தப் பக்கம் பாயுது. அதை நம்பித்தான் இந்த வட்டாரம் முழுக்க காத்தாலைகள் நிக்குது. கயத்தாறுல காற்றாலைக்குன்னே மத்திய அரசோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு. காத்தாலை வைக்கத் தோதான ஊர்ல, ஸ்கூல் மைதானத்துல ஒரு பெரிய பாயை விரிக்கப் போறோம். சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது.

நிழல் எதைக் குறைக்கும்?

நிழலுக்குள்ள வந்தா காத்தோட சூடு குறைஞ்சிடும்னு நினைக்கிறோம். பெருசா குறையாது. வெளியில 38 டிகிரின்னா, வலைக்குக் கீழயும் கிட்டத்தட்ட அதேதான். குறையறது, சூரியன்ல இருந்து நேரா உடம்புல விழற கதிர்ச் சூடும், காய்ஞ்ச கான்கிரீட் தரை திருப்பி அடிக்கிற அனலும். விளையாடுற பிள்ளைக்கு அந்த வித்தியாசமே ரொம்பப் பெருசு. ஆனா தண்ணியும் ஓய்வும் நிழல்லயும் அதே அளவு வேணும். கூரை போட்டாச்சுன்னு மதியம் ரெண்டு மணிக்கு மேட்ச் வைக்கக் கூடாது.

எந்தத் துணி?

மூணு வகை இருக்கு. ஒண்ணு எச்டிபிஇ வலை, அதாவது நர்சரியில பார்க்கிற ஷேட் நெட்டோட இனம். 50 சதவீதம், 75 சதவீதம்னு விற்பாங்க. எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கும்ங்கிற கணக்கு அது. காத்தும் சூடும் கண்ணி வழியா வெளியே போயிடும், மழையும் ஒழுகிடும். ஆனா செடிக்குப் போடுற மெல்லிசு வலை வேற, ஆள் நடமாடுற இடத்துக்குப் போடுற கனமான பின்னல் வலை வேற. கொட்டேஷன்ல சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு கேளுங்க.

ரெண்டாவது, பிவிசி பூசின பாலியஸ்டர். மழை நிக்கும். கண்ணி இல்லாததால சூடும் உள்ளேயே நிக்கும், அதனால மேல காத்துப் போக வழி விடணும். மூணாவது, கண்ணாடி இழையில பிடிஎஃப்இ பூசினது. நான்ஸ்டிக் தோசைக்கல்லுல இருக்கிற அதே சமாச்சாரம். 2011 உலகக் கோப்பைக்காகப் புதுசாக் கட்டின சேப்பாக்கம் ஸ்டாண்டுகளுக்கு மேல வெள்ளையா நிக்கிறது இந்த வகைதான். ரொம்ப வருஷம் உழைக்கும், விலை ஸ்கூலுக்குக் கட்டாது. அதனால நம்ம பேச்சு பெரும்பாலும் முதல் வகையைப் பத்தி.

காத்துக் கணக்கு

ஒரு சதுர மீட்டர்ல காத்து எவ்வளவு அழுத்தும்னு கண்டுபிடிக்க இந்தியத் தரநிலையில ஒரு எளிய சூத்திரம் இருக்கு. வேகத்தை அதே வேகத்தால பெருக்கி, 0.6ஆல பெருக்கணும். விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் காத்துன்னா 240 நியூட்டன். நம்ம பாஷையில சுமார் 24 கிலோ.

வாலிபால் கோர்ட் 18க்கு 9 மீட்டர். சுத்தி மூணு மீட்டர் விட்டா 24க்கு 15. மொத்தம் 360 சதுர மீட்டர். கண்ணியில்லாத துணியா இருந்து, காத்து முழுசா அடியில பிடிச்சா, எட்டு டன்னுக்கு மேல தூக்கும். வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு. மதுரை மாதிரி உள்மாவட்டங்கள்ல கட்டடம் வடிவமைக்கத் தரநிலை சொல்ற அடிப்படை வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அப்போ கணக்கு முப்பது டன்னைத் தாண்டும். வலையில கண்ணி வழியா காத்துப் போறதால இது குறையும், கூரையோட வடிவத்தைப் பொறுத்துக் கூடவும் செய்யும். துல்லியமா சொல்ல வேண்டியது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். நமக்கு வேண்டியது ஒரு மதிப்பீடு: இது கொடியில காயப் போட்ட வேட்டி விவகாரம் இல்லை.

'ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்'னு சொன்னவங்க நம்ம ஆளுங்கதான்.

இந்த விசை முழுக்க கம்பம் வழியா அடித்தளத்துக்குத்தான் வரும். கூரை காத்துல தூக்கினா, கம்பம் மண்ணுல இருந்து பிடுங்கிட்டு வரப் பார்க்கும். பக்கவாட்டுல இழுத்தா சாயப் பார்க்கும். வாலிபாலுக்கு ஏழு மீட்டர் உயரம் காலியா வேணும்ங்கிறதால கம்பமும் உயரம், நெம்புகோல் மாதிரி சாய்க்கிற வேகமும் அதிகம். கரிசல் மண்ணுன்னா இன்னும் கவனம். மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். மண் பரிசோதனை இல்லாம குழி தோண்டக் கூடாது. செலவுல பெரும்பங்கு இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் போகும். யாராவது துணி விலையை மட்டும் சொல்லி "இவ்வளவுதான் சார்"ன்னா, பாதிக் கணக்குதான் சொல்றாங்க.

ஏன் கோணலா கட்டுறாங்க?

நல்ல துணிக்கூரை எதுவும் தட்டையா இருக்காது. எதிரெதிர் ரெண்டு மூலை உயரமா, மத்த ரெண்டு தாழ்வா, குதிரைச் சேணம் மாதிரி வளைஞ்சிருக்கும். அழகுக்காக இல்லை. ஒரு திசையில துணி மேல் நோக்கி வளைஞ்சா, குறுக்குத் திசையில கீழ் நோக்கி வளையும். காத்து தூக்கினா ஒரு பக்க இழை பிடிக்கும், அழுத்தினா மறுபக்க இழை பிடிக்கும். பாவும் ஊடையும் ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிக்கிற மாதிரி. இந்த வித்தையை உலகத்துக்குக் காட்டினவர்கள்ல முக்கியமானவர் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ. 1972 மியூனிக் ஒலிம்பிக் கூரைகள்ல அவர் பங்கு பெருசு.

தட்டையா, தொய்வா கட்டினா துணி படபடன்னு அடிக்கும். அந்த அடியில தையலும் கொக்கியும் தேஞ்சு ஒருநாள் கிழியும். கண்ணியில்லாத துணின்னா தொய்வுல தண்ணி தேங்கும். ஒரு சதுர மீட்டர்ல ஒரு சென்டிமீட்டர் தண்ணி நின்னாலே பத்து கிலோ. அதனால இழுவை தளர்ந்திருக்கான்னு அடிக்கடி பார்த்து முறுக்கணும்.

நிழல் எங்க விழும்?

இதை யாரும் கேட்கிறதே இல்லை. பிள்ளைங்க விளையாடுறது உச்சிவெயில்ல இல்லை, சாயங்காலம். மார்ச் மாசம் சங்கரன்கோவில்ல நாலு மணிக்கு சூரியன் சுமார் 35 டிகிரி உயரத்துல இருக்கும். ஏழு மீட்டர் உயரக் கூரையோட நிழல் அப்போ கிழக்கே பத்து மீட்டர் தள்ளி விழும். கோர்ட் வடக்கு தெற்கா இருந்தா அகலம் ஒன்பதே மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தா, கிழக்கு ஓரத்துல ரெண்டு மீட்டருக்குத்தான் நிழல். மீதி வெயில்ல. இவ்வளவு செலவும் பக்கத்துல இருக்கிற காலி இடத்துக்கு நிழல் கொடுத்துட்டு நிக்கும்.

தீர்வு இருக்கு. கூரையை மேற்குப் பக்கம் கூடுதலா நீட்டலாம், மேற்கு ஓரத்தைத் தாழ்த்தலாம். மேற்கு எல்லையில வேம்பும் புங்கையும் வரிசையா வெச்சா சில வருஷத்துல சாய்வெயிலை அதுங்களே பார்த்துக்கும்.

தீ

2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிக்கூடக் கீத்துக்கூரையில தீப்பிடிச்சு 94 குழந்தைகள் இறந்தாங்க. தமிழ்நாட்டுல பள்ளிக்கூடத்துக்கு மேல எதைப் போடுறதா இருந்தாலும் அந்த நாளை நினைக்காம போட முடியாது. எச்டிபிஇயும் பிளாஸ்டிக்தான். சுமார் 130 டிகிரியில உருகும், பத்தினா எரிஞ்சுக்கிட்டே சொட்டும். தீ பரவாத தரம்னு சான்றிதழோட வாங்கணும். சத்துணவுக் கூடம், மின்கம்பி, வகுப்பறைச் சுவர் எதையும் ஒட்டிக் கட்டக் கூடாது. வெளியேறுற வழியில கம்பமோ கேபிளோ வரக் கூடாது.

அப்போ என்ன செய்யலாம்?

நம்ம ஊர்ப் பந்தலோட புத்தி இங்க உதவும். பந்தல் போடுறவங்க திருவிழா முடிஞ்சதும் பிரிச்சிடுவாங்க. சங்கரன்கோவில்ல நிழல் ரொம்பத் தேவைப்படுறது பிப்ரவரியில இருந்து மே வரைக்கும். காத்து உச்சத்துல இருக்கிறது ஜூன்ல இருந்து. அதனால கம்பம் நிரந்தரமாவும், வலை கழட்டி மாட்டுற மாதிரியும் இருக்கட்டும். ஆடித்தபசுக்கு முன்னாடி, ஜூன் பிறக்கும்போதே வலை சுருண்டு ஸ்டோர் ரூமுக்குப் போகணும். யார் கழட்டணும், எந்தத் தேதிக்குள்ளன்னு பள்ளி மேலாண்மைக் குழு எழுதி வெச்சுக்கணும். ஏப்ரல், மே கோடைமழையோட வர்ற சூறைக்காத்துக்காக கம்பமும் அடித்தளமும் எப்படியும் பலமாத்தான் வேணும்.

பணம் குறைவுன்னா கோர்ட்டை விட்டுடுங்க. பிள்ளைங்க தங்கள் முறைக்குக் காத்திருக்கிற, தண்ணி குடிக்கிற ஓரத்துக்கு மூணரை மீட்டர் உயரத்துல சின்னக் கூரை போடுங்க. கம்பம் சின்னது, நிழலும் நாலு மணிக்கு அஞ்சு மீட்டர்தான் தள்ளும். ஒரு பீரியட்ல பாதி நேரம் பிள்ளைங்க அங்கதான் நிக்கிறாங்க.

அடுத்த தடவை அந்த குரூப்ல யாராவது கூரைப் படத்தை அனுப்பினா, மூணே கேள்வி கேளுங்க: இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட காத்துக் கணக்கு இருக்கா? நாலு மணிக்கு நிழல் எங்க விழும்? ஜூன்ல யார் கழட்டுவாங்க? மூணுக்கும் பதில் வந்தா தயங்காம பணம் போடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.