குழந்தைதானே, சீக்கிரம் தேறிடும்!

தலையில அடிபட்டு ஆஸ்பத்திரியில இருந்து வீடு திரும்புற பிள்ளையைப் பார்க்க வர்ற எல்லாரும் சொல்ற வசனம் இது. கை முறிஞ்சிருந்தா சரி. அடிபட்டது மூளையா இருந்தா?

மெல்பர்ன்ல நான் ஆக்குபேஷனல் தெரபி முதுகலை படிக்கிறேன். இந்த செமஸ்டர் முழுக்க குழந்தைகளுக்கான மறுவாழ்வுதான் பாடம். படிச்சதுல கொஞ்சத்தை இங்க கொட்டிடறேன். வழக்கமான மொக்கை இல்ல, கொஞ்சம் சீரியஸ். பொறுத்துக்கங்க மக்கா :-)

பிறவியிலேயே வர்ற பாதிப்பு வேற, பிறந்து நல்லா வளர்ந்துட்டிருக்கும்போது மூளைக்கு வர்ற காயம் வேற. ரோட்டு விபத்து, மாடியில இருந்து விழறது மட்டும் இல்லீங்க. மூளைக்காய்ச்சல், கட்டி, தண்ணியில மூழ்கி ஆக்சிஜன் கிடைக்காமப் போறது, பக்கவாதம் எல்லாமே இதுல அடக்கம். சின்னப் பிள்ளைக்குப் பக்கவாதமான்னு கேட்காதீங்க, வரும்.

சரி, மேட்டருக்கு வருவோம். 1930கள்ல மார்கரெட் கென்னார்ட்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளை வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. மூளையில கைகால் அசைவுக்கான பகுதி சேதமானா, வளர்ந்த குரங்கை விடக் குட்டிக் குரங்கு நல்லாத் தேறுதுன்னு பார்த்தாங்க. அதுல இருந்து, 'வயசு குறைஞ்சா பாதிப்பும் குறைவு'ங்கிற நம்பிக்கை மருத்துவத்துல ரொம்ப காலம் ஓடுச்சு.

அது பாதி உண்மைதான். இதே மெல்பர்ன்ல விக்கி ஆண்டர்சனும் அவங்க குழுவும் வருஷக்கணக்கா பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிச்சாங்க. ரொம்பச் சின்ன வயசுல, பலமா அடிபட்ட பிள்ளைங்கதான் பல விஷயங்கள்ல அதிகமா பின்தங்குறாங்கன்னு தெரிஞ்சது. காரணம் எளிசு. பெரியவங்களுக்கு, ஏற்கனவே கத்துக்கிட்டதுல கொஞ்சம் போகும். குழந்தைக்கோ, இனிமே கத்துக்க வேண்டிய கருவியிலேயே அடி.

இன்னொரு சிக்கல். திட்டமிடுறது, கோபத்தை அடக்குறது எல்லாம் நெற்றிக்குப் பின்னால இருக்கிற மூளைப்பகுதியோட வேலை. அது முழுசா முதிர இருபது வயசு தாண்டிடும். அஞ்சு வயசுல அங்க அடிபட்டா அப்போ ஒண்ணும் தெரியாது, ஏன்னா அஞ்சு வயசுப் பிள்ளை டைம்டேபிள் போட்டா வாழுது? பன்னிரண்டு வயசுல ஆறு வாத்தியார், ஆறு வீட்டுப்பாடம்னு வரும்போதுதான் தடுமாறும். அதுக்குள்ள பழைய விபத்தை எல்லாரும் மறந்திருப்பாங்க. பிள்ளைக்குக் கிடைக்கிற பட்டம் என்ன? சோம்பேறி, திமிர் பிடிச்சவன். காயத்துக்கு மருந்து கொடுக்க வேண்டிய இடத்துல அடி விழும்.

அதனாலதான் இந்தப் பிள்ளைகளோட மறுவாழ்வு ஆஸ்பத்திரியில முடியுற சமாச்சாரம் இல்ல. நடக்க வைக்க பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, சட்டை பொத்தான் போடப் பழக்குற எங்க வேலை எல்லாம் முதல் கட்டம்தான். அப்புறம் பள்ளிக்கூடம். சீக்கிரம் களைச்சுப் போறதுங்கிறது மூளைக்காயத்துல ரொம்ப சகஜம். அதனால முதல்ல அரைநாள் வகுப்பு, நடுவுல ஓய்வு. நாலு வேலையை ஒண்ணாச் சொல்லாம ஒவ்வொண்ணாச் சொல்றது. செய்ய வேண்டியதை எழுதியோ படமாவோ சுவத்துல ஒட்டுறது. பரிட்சையில கூடுதல் நேரம்.

என்னை ரொம்ப யோசிக்க வச்சது பிரேசில்ல நடந்த ஒரு ஆய்வு. லூசியா பிராகா குழு 2005ல வெளியிட்டது. 5 முதல் 12 வயசு வரை, தலைக்காயம் பட்ட 87 குழந்தைகளைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பக்கம் நிபுணர்களே பயிற்சி கொடுத்தாங்க. இன்னொரு பக்கம் வீட்டாளுங்களுக்குப் படங்களோட சொல்லிக் கொடுத்து, அவங்களே அன்றாட வேலைகளோட சேர்த்துப் பயிற்சி தரணும். ஒரு வருஷம் கழிச்சு உடல் திறன், அறிவுத்திறன் ரெண்டுலயும் தெளிவான முன்னேற்றம் காட்டினது வீட்டுல பழகின பிள்ளைங்கதான். அப்பா அம்மா பெரிய படிப்பு படிச்சிருக்கணும்ங்கிற அவசியமும் இல்லைன்னு தெரிஞ்சது.

நிபுணர் வேண்டாம்னு இதுக்கு அர்த்தம் இல்ல. அந்த அம்மா அப்பாவுக்குப் பின்னாடி நின்னு சொல்லிக் கொடுத்தவங்களே நிபுணர்கள்தான். ஆனா தெரபிஸ்ட் கிடைக்காத ஊர்ல இருக்கிற குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய தெம்பு!

உங்க சொந்தத்துல இப்படி ஒரு பிள்ளை இருந்தா ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. எப்போ அடிபட்டுது, எத்தனை நாள் நினைவில்லாம இருந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதி, ஸ்கேன் ரிப்போர்ட்டோட பத்திரமா வைங்க. ஒவ்வொரு வருஷமும் புது வகுப்பு டீச்சர்கிட்ட அதைக் காட்டுங்க, பிள்ளை நல்லா இருக்கிற மாதிரித் தெரிஞ்சாலும்.