மாமா கடையின் வெப்சைட் காணாமல் போன கதை

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம். பெங்களூருவில் அலுவலக வேலையாக இருந்தபோது மதுரையிலிருந்து மாமா போன் செய்தார். "மாப்ள, நம்ம வெப்சைட்டைத் திறந்தா என்னென்னமோ இங்கிலீஷ் விளம்பரமா வருது. கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துருச்சா?"

மாமாவுக்கு விளக்குத்தூண் பக்கம் சுங்குடிப் புடவைக் கடை. தாத்தா காலத்துக் கடை. 2011-ல் வெப் டிசைனர் ஒருவர் கடைக்கு வந்து, "சார், இனிமேல் எல்லாம் இன்டர்நெட்தான்" என்று பேசி, எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு இணைய தளம் செய்து கொடுத்தார். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை வந்து இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். 2020 தொடக்கத்தில் வந்தவர் இரண்டு வருடப் பணத்தையும் சேர்த்து வாங்கிச் சென்றார். அதன் பிறகு ஊரடங்கு வந்தது, அவர் வரவில்லை. மாமாவும் மறந்துவிட்டார்.

நான் என் லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். வைரஸ் ஒன்றும் இல்லை. டொமைன் நேம் காலாவதியாகி இருந்தது. அவ்வளவுதான், பணம் கட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நான்கு வருடம் பி.இ. படித்து, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற நான் நினைத்தது தவறு.

பட்டா யார் பெயரில்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு வெப்சைட்டுக்கு இரண்டு பொருட்கள் தேவை. ஒன்று டொமைன் நேம், அதாவது டாட் காம், டாட் இன் என்று முடியும் முகவரி. இன்னொன்று வெப் ஹோஸ்டிங். உங்கள் பக்கங்களும் படங்களும் இருக்கும் சர்வர் இடம் அது. ஹோஸ்டிங் வாடகைக் கட்டிடம் மாதிரி. பிடிக்கவில்லை என்றால் சாமான்களை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடலாம். டொமைன் நேம் அப்படி இல்லை. அது மனைப் பட்டா மாதிரி. யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர்.

ஹூஇஸ் வசதியில் தேடிப் பார்த்தேன். பதிவு அந்த வெப் டிசைனரின் நிறுவனப் பெயரில் இருந்தது. ஈமெயிலும் அவருடையது. அவர் கடையைக் காலி செய்துவிட்டிருந்தார், போன் ஸ்விட்ச் ஆஃப். டொமைன் பதிவு செய்த நிறுவனத்துக்கு எழுதினேன். பதிவான ஈமெயிலிலிருந்து வரும் கோரிக்கையை மட்டுமே ஏற்போம் என்று பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாளைக்கு வேறு யாராவது எழுதி மாமாவின் தளத்தைக் கேட்டாலும் அவர்கள் இதையேதான் சொல்ல வேண்டும். மாமாவிடம் ஆதாரம் என்று இருந்தவை, "வெப்சைட் - ரூ.2,000" என்று எழுதிய சில ரசீதுகள். டொமைன் என்ற வார்த்தையே அவற்றில் இல்லை.

டாட் காம் பெயர் காலாவதியானவுடன் உடனே பறிபோய்விடாது. புதுப்பிக்க அதிகபட்சம் 45 நாள் வரை சலுகைக் காலம் உண்டு. எத்தனை நாள் தருவது என்பது பதிவு நிறுவனத்தின் கையில். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், இதற்குக் கூடுதல் கட்டணம். கடைசியாக 5 நாள் காத்திருப்பு. பிறகு யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். சில நிறுவனங்கள் இதற்கெல்லாம் முன்பே ஏலத்துக்கு விட்டுவிடுவதும் உண்டு. புதுப்பிக்கச் சொல்லி முன்கூட்டியே ஈமெயில் அனுப்ப வேண்டும் என்பது ஐகேன் அமைப்பின் விதி. அனுப்பியும் இருப்பார்கள், அந்த டிசைனரின் மெயில் பெட்டிக்கு!

இதற்கிடையில் இன்னொரு ஆபத்து எனக்கு உறைத்தது. மாமாவின் ஈமெயில் முகவரியும் அதே டொமைனில்தான் இருந்தது. ஜி.எஸ்.டி. தளத்தில் கொடுத்திருந்தது அந்த முகவரி. வங்கியில் கொடுத்திருந்ததும் அதுதான். நாளைக்கு அந்தப் பெயரை வாங்குபவர் அதே ஈமெயில் முகவரியை உருவாக்கிக்கொண்டால், மாமாவுக்கு வரும் கடிதங்களும் ஓ.டி.பி.யும் அவருக்குப் போகும். அந்த வாரக் கடைசியில் மதுரைக்குப் போய், மாமாவுக்குத் தனியாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கி, எல்லா இடங்களிலும் முகவரியை மாற்றினோம். வெப்சைட்டைவிட இது அவசரம்.

இரண்டரை மாதம் கழித்து அந்தப் பெயர் வேறு யாரிடமோ போனது. டாலரில் விலை போட்டு விற்பனைக்கு வைத்திருந்தார்கள். மாமாவின் ஒரு மாத லாபத்தைவிட அதிகமான தொகை. "என் கடைப் பேரை எனக்கே விக்கிறானா?" என்று கேட்டார். டிரேட்மார்க் வைத்திருப்பவர்கள் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் முறையிடலாம். அங்கே கட்டணமே 1,500 டாலரில்தான் தொடங்குகிறது. மாமாவிடம் டிரேட்மார்க்கும் கிடையாது. முகவரி அச்சடித்த மூவாயிரம் துணிப் பைகள் மட்டும் பரணில் இருந்தன.

உங்களிடம் ஏற்கெனவே வெப்சைட் இருந்தால் இன்றே பார்த்துவிடுங்கள். டாட் காம் போன்ற பெயர்களுக்கு 2025 ஜனவரி முதல் ஹூஇஸ் கட்டாயம் இல்லை, ஆர்டிஏபி என்ற புதிய முறை வந்துவிட்டது. லுக்கப் டாட் ஐகேன் டாட் ஆர்க் என்ற முகவரியில் உங்கள் டொமைன் பெயரைக் கொடுத்தால் போதும். சொந்தக்காரர் பெயர் பல சமயம் மறைக்கப்பட்டிருக்கும். ஆனால் எந்த நிறுவனத்தில் பதிவு, எந்தத் தேதியில் முடிகிறது என்பது தெரியும். அந்தக் கணக்கின் யூசர்நேம், பாஸ்வேர்ட் உங்களிடம் இல்லை என்றால், டிசைனர் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் போதே கேட்டு வாங்குங்கள்.

மறுபடியும் முதலிலிருந்து

புதிய பெயரை மாமாவின் பெயர், மாமாவின் செல்போன், மாமாவின் ஜிமெயில் கொடுத்து ஐந்து வருடத்துக்குப் பதிவு செய்தோம். ஒரே தடவையில் பத்து வருடம் வரை கட்டலாம். விளம்பரத்தில் பெரிதாகக் காட்டும் முதல் வருட விலையைப் பார்த்து மயங்காமல், அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் ரின்யூவல் விலையைப் பாருங்கள்.

பழைய தளத்தின் பிரதி ஒன்றை மாமா சி.டி.யில் வைத்திருந்தார். திறந்து பார்த்ததும் சிரிப்பு வந்தது. முகப்பில் குத்துவிளக்கு எரியும் ஃப்ளாஷ் அனிமேஷன். ஃப்ளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதாவது ஒன்றரை வருடமாக முகப்பில் வெற்றுக் கட்டம்தான் தெரிந்திருக்கிறது, கடையில் யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் "சேலை, பட்டு, காட்டன்" என்று நூற்றுக்கணக்கான வார்த்தைகள். கூகுளை ஏமாற்றச் செய்த வேலை! மெட்டா கீவேர்ட்ஸ் பகுதியைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. மறைத்து எழுதும் வார்த்தைகள் கூகுளின் விதிகளுக்கு எதிரானவை, தளம் பட்டியலிலிருந்தே நீக்கப்படலாம். இன்றும் இதைச் செய்து தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

புதிய தளத்தை வேர்ட்பிரஸ்ஸில் நானே அமைத்தேன். ஷாப்பிங் கார்ட், பேமென்ட் கேட்வே எதுவும் முதலில் வைக்கவில்லை. ஒவ்வொரு புடவைக்குக் கீழும் ஒரு வாட்ஸ்அப் பட்டன் மட்டும். டபிள்யூஏ டாட் எம்இ என்று எழுதி, சாய்வுக்கோடு போட்டு, 91 சேர்த்த உங்கள் செல்போன் எண்ணைக் கொடுத்தால் லிங்க் தயார். கூட்டல் குறியும் முன்னால் பூஜ்யமும் வரக்கூடாது. கடையில் வாடிக்கையாளரிடம் பேசி விற்றுப் பழகியவர் மாமா. அவருக்கு இதுதான் சரியாக வந்தது.

போட்டோவில்தான் நாங்கள் நிறையத் தடுமாறினோம். டியூப் லைட்டில் எடுத்த அரக்கு நிறம் திரையில் சிவப்பாகத் தெரிந்தது. வாங்கிய ஒரு அம்மா, "நான் கேட்டது இது இல்லை" என்று திருப்பி அனுப்பினார். அவர் மீது தவறு இல்லை. அதன் பிறகு காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில், நேரடி வெயில் படாத இடத்தில் வைத்து எடுக்கிறோம். முழுப் புடவைக்கு ஒரு படம், முந்திக்கு ஒரு படம், புள்ளிகள் தெரியும்படி மிக அருகில் ஒரு படம். செல்போனில் எடுக்கும் படம் மூன்று நான்கு எம்பி இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் பார்ப்பவர் போய்விடுவார். 150 கேபி அளவுக்குச் சுருக்கி ஏற்றுங்கள்.

விவரத்தை மாமா சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். நீளம் எவ்வளவு, பிளவுஸ் துணி உண்டா, கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதா, மெழுகு அச்சா. "முதல் இரண்டு தடவை தனியாத் துவைக்கணும், கொஞ்சம் சாயம் போகும்னு எழுது" என்றார். நான் தயங்கினேன், விற்பனை கெட்டுவிடாதா என்று. அவர் விடவில்லை. அதை எழுதிய பிறகு சாயம் போகிறது என்ற புகார் அநேகமாக நின்றுவிட்டது.

கூகுளில் தெரிவது எப்படி?

கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். உங்கள் தளத்தை அதில் இணைத்தால், மக்கள் என்ன தட்டச்சு செய்து தேடியபோது உங்கள் பக்கம் தெரிந்தது என்று பட்டியல் தருகிறது. எங்களுக்கு அதில் ஒரு ஆச்சரியம். சுங்குடி என்பதை ஆங்கிலத்தில் எஸ் போட்டும் தேடுகிறார்கள், சிஎச் போட்டும் தேடுகிறார்கள், சுங்கடி என்றும் அடிக்கிறார்கள். தமிழில் தேடுபவர்களும் இருந்தார்கள். "சுங்குடிக்கு எத்தனை பெயர்" என்று ஒரு சின்னக் கட்டுரையே எழுதி, எல்லா எழுத்துக்கூட்டலையும் இயல்பாக அதில் கொண்டுவந்தோம். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருப்பதையும் அதில் சேர்த்தோம். தமிழ்ப் பக்கங்களை யுனிகோடில்தான் டைப் செய்ய வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்தால் கூகுளுக்கு அது வெறும் குப்பை எழுத்து.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலும் இலவசம்தான். மேப்பில் கடை தெரிவது இதனால்தான். எங்களுக்கு அஞ்சலட்டையில் பின் நம்பர் வந்தது, இப்போது பெரும்பாலும் கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை மேப்பிலிருந்து போய்விடும்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

கூகுள் விளம்பரத்தில் நான் சூடுபட்டேன். "காட்டன் சேலை" என்ற வார்த்தைக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்று போட்டேன். மூன்று நாளில் 900 ரூபாய் காலி, ஒரு விசாரணைகூட இல்லை. பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். தினசரி பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு வரை ஒரே நாளில் செலவாகலாம். மாதக் கணக்கில் பார்க்கும்போது தினசரித் தொகையைப் போல 30.4 மடங்கைத் தாண்டாது. நாமாக மாற்றாவிட்டால் வார்த்தைகள் பிராட் மேட்ச்சில் இருக்கும். "சேலை கட்டுவது எப்படி" என்று தேடுபவருக்கும் விளம்பரம் காட்டி, அவர் கிளிக் செய்தால் நம்மிடம் காசு வாங்கும். ஃபிரேஸ் மேட்ச்சுக்கு மாற்றினேன். எப்படி, இலவசம், வேலை, பழைய, வாடகை என்ற வார்த்தைகளை நெகட்டிவ் கீவேர்டில் சேர்த்தேன். ஊர் தேர்வில், அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்கள் என்பதை எடுத்துவிட்டு, அந்த ஊரில் இருப்பவர்கள் என்பதை மட்டும் வைத்தேன். இப்போது பொங்கல், சித்திரைத் திருவிழா சமயங்களில் மட்டும் விளம்பரம் போடுகிறோம். மற்ற நாட்களில் பழைய வாடிக்கையாளர்களுக்கு, அவர்கள் சம்மதித்திருந்தால் மட்டும், வாட்ஸ்அப்பில் புது வரவுப் படங்கள்.

ஆர்டர் வரத் தொடங்கியதும் ஏமாற்றுக்காரர்களும் வந்தார்கள். பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் வரும், வங்கிக் கணக்கில் வந்திருக்காது. ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர், இருபது புடவை கேட்டு, பணம் அனுப்புவதற்காக ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடச் சொன்னார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. நல்லவேளை, அத்தை பக்கத்தில் இருந்தார். "வாங்குறவன் நம்ம பூட்டைத் திறக்கச் சொல்லுவானா?" என்று கேட்டு போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி கடையின் முழுப் பெயர், விலாசம், தொடர்பு எண், பொருளைத் திரும்பப் பெறும் முறை, புகார் அலுவலர் பெயர் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். எங்கள் கடையில் புகார் அலுவலர் அத்தைதான்.

துணிப் பைகளைத் தூக்கிப் போட மாமாவுக்கு மனம் வரவில்லை. பழைய முகவரி மேல் புது முகவரி ஸ்டிக்கர் ஒட்டித்தான் கொடுக்கிறார். இன்னும் நானூறு பை மிச்சம். கல்லாப் பெட்டி மூடியின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, டொமைன் முடியும் தேதி 2027 செப்டம்பர் என்று. போன மாதம் போனபோது பார்த்தேன். அதற்குக் கீழே கடைக் கட்டிட வாடகை தேதி, கரண்ட் பில் தேதி. மூன்றும் ஒரே மையில், மாமாவின் கையெழுத்தில்.