குழந்தை இருக்கும் வீட்டில் ரசாயனத்தைக் குறைப்பது எப்படி? முதலில் எதை நிறுத்தணும்?

குழந்தை பிறந்ததும் பல பெற்றோர் வீட்டுச் சாமான்களை மாற்றத் தொடங்குகிறார்கள். ஷாம்புவுக்குப் பதில் சீயக்காய், சலவைத் தூளுக்குப் பதில் பூந்திக்கொட்டை, தரை துடைக்க பழத்தோல் என்ஸைம். பிரிக்ஃபீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் இதில் பாதி சுலபமாகக் கிடைத்துவிடும்.

நல்ல விஷயம்தான். ஆனால், அதே வீட்டில் இரவு முழுக்க ஜன்னலைச் சாத்திவிட்டு கொசுவர்த்தி எரிந்தால்? பாட்டி கொடுத்த துணிப்பெட்டியில் அந்துருண்டை கிடந்தால்? ஷாம்புவை மாற்றியதால் கிடைக்கும் பலனைவிட இவற்றால் வரும் ஆபத்து பெரிது.

அதனால் பணம் செலவழித்து எதையும் வாங்குவதற்கு முன், வீட்டிலிருந்து முதலில் எதை வெளியேற்ற வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்று பார்ப்போம்.

கொசுவர்த்தியில் என்ன பிரச்சினை?

கொசுவர்த்திச் சுருளில் பூச்சிமருந்து மிகக் குறைவு. பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். மீதி எல்லாம் மரத்தூள், தேங்காய் ஓட்டுத் தூள், பசை போன்றவை. பல மணி நேரம் மெல்லக் கனன்று புகையாவது இந்த மீதிதான்.

அந்தப் புகையை 2003-இல் ஓர் ஆய்வுக் குழு அளந்தது. மலேசிய ஆய்வாளர்களும் அதில் இருந்தார்கள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களை எரித்துப் பார்த்தார்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் (பிஎம் 2.5), 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று தெரிந்தது. ஃபார்மால்டிஹைட் வாயு, 51 சிகரெட் அளவுக்குக்கூட வரலாம் என்றும் அந்த ஆய்வு சொன்னது.

நூறு சிகரெட் பிடித்த மாதிரி என்று இதற்கு அர்த்தம் இல்லை. சிகரெட்டை உள்ளே இழுக்கிறோம், கொசுவர்த்திப் புகை அறையில் பரவுகிறது. ஆனாலும் சின்ன அறை, சாத்திய ஜன்னல், எட்டு மணி நேரத் தூக்கம் மூன்றும் சேர்ந்தால் அந்தப் புகையைக் குழந்தை இரவு முழுக்கச் சுவாசிக்க நேரிடும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்னும் மோசம்.

ஊதுபத்தியும் சாம்பிராணியும் எரியும்போதும் இதே கதைதான். சாமி கும்பிடுவதை நிறுத்த வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிள்ளை தூங்கும் அறையில் புகை போடாதீர்கள்.

அப்போ டிங்கிக்கு என்ன செய்வது?

இது நியாயமான கேள்வி. 2019-இல் மட்டும் நாடு முழுக்க 130,000-க்கும் அதிகமான டிங்கி சம்பவங்கள் பதிவாகின, 182 பேர் இறந்தார்கள். சிலாங்கூரில்தான் பாதிப்பு மிக அதிகம். 'ரசாயனம் வேண்டாம்' என்று கொசுவைச் சும்மா விட முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முக்கியமாகப் பகலில் கடிக்கும். விடிந்த பிறகும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதற்கு வேகம் கூடும். இரவில் காதோரம் ரீங்காரமிடுவது பெரும்பாலும் க்யூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு. ஆக, ராத்திரி முழுக்க கொசுவர்த்தி கொளுத்தினாலும் டிங்கியிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

ஏடிஸ் முட்டை கொசுவாக வளர ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். வாரத்துக்கு ஒரு முறை பூந்தொட்டித் தட்டு, குளியலறை வாளி, குளிர்சாதனத் தண்ணீர் சொட்டும் பாத்திரம், சாமி மேடையில் பூ வைக்கும் சொம்பு எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். இதற்குப் பத்து நிமிடம் போதும். கூடவே ஜன்னலுக்கு வலை, பகலில் தூங்கும் குழந்தைக்கு கொசுவலை.

உடலில் பூசும் கொசு விரட்டியை இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசக் கூடாது. 'இயற்கையானது' என்று விற்கப்படும் லெமன் யூகலிப்டஸ் எண்ணெயை மூன்று வயதுக்குக் கீழே பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். இங்கே இயற்கைப் பொருளுக்குத்தான் வயது வரம்பு அதிகம்.

அம்மாவின் கிரீம் குழந்தையை எப்படிப் பாதிக்கும்?

முகத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லும் சில கிரீம்களில் பாதரசம் இருப்பது மலேசியாவில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்படுகிறது. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ. அப்படிப்பட்ட பொருள்களின் அனுமதியை ரத்து செய்து பெயர்களை வெளியிட்டு வருகிறது.

பாதரசம் பூசியவரோடு நிற்பதில்லை. தலையணை உறை, துண்டு, கை என்று பரவும், ஆவியாகவும் மாறும். 2010-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா, விர்ஜினியா மாநிலங்களில் சில குடும்பங்களைச் சோதித்தபோது, கிரீமைத் தொடாத பிள்ளைகளின் உடலிலும் பாதரசம் அதிகமாக இருந்தது. கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையே ஓர் அரிய சிறுநீரக நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

டப்பாவில் என்.ஓ.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தேடலாம். எண் மட்டும் இருந்தால் போதாது. அது நிறுவனம் கொடுத்த தகவலின் பேரில் கிடைப்பது, சோதனை பெரும்பாலும் பின்னால்தான் நடக்கும். ஆகவே ரத்தான பட்டியலையும் பாருங்கள். 'தங்க, வெள்ளி நகையில் படக் கூடாது' என்று எச்சரிக்கும் கிரீமை வாங்கவே வேண்டாம். பாதரசம் இருப்பதற்கான அடையாளம் அது.

அந்துருண்டையும் சூடமும் ஏன் ஆபத்து?

துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டை, மலாயில் 'உபாட் கெகாட்', பல நேரம் நாஃப்தலீன். ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கலாம். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு உண்டா என்று தொப்புள்கொடி இரத்தத்தில் சோதிப்பது இதனால்தான். உங்கள் பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் முடிவு இருக்கும், எடுத்துப் பாருங்கள். குறைபாடு இருந்தால் அந்துருண்டை வீட்டில் இருக்கவே கூடாது.

சூடம் நம் வீட்டில் சாதாரணப் பொருள். மிட்டாய் மாதிரி வெள்ளையாக, கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். தவழும் குழந்தை ஒரு சின்ன வில்லையை விழுங்கினாலே வலிப்பு வரலாம். பூட்டி வையுங்கள்.

பிளீச்சைத் தூக்கிப் போடணுமா?

வேண்டாம். எப்போதும் தேவைப்படாது, ஆனால் சில நேரம் அதுதான் கைகொடுக்கும். பாலர் பள்ளியில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவினால், அந்த வைரஸை வினிகரோ பழத்தோல் என்ஸைமோ நம்பத்தக்க அளவில் கொல்லாது. ஆல்கஹால் கைகழுவியும் அதற்குச் சரியாக வேலை செய்வதில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், நீர்த்த பிளீச்சில் பொம்மைகளைத் துடைத்துப் பிறகு நல்ல தண்ணீரில் அலசுவதும்தான் வழி.

கலப்பதுதான் ஆபத்து. பிளீச்சோடு அமிலக் கழிவறைத் திரவத்தையோ வினிகரையோ சேர்த்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள திரவத்தோடு சேர்ந்தால் குளோராமின் வரும். இரண்டும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். எந்த இரண்டு திரவத்தையும் கலக்காதீர்கள்.

பழத்தோல் என்ஸைம் உண்மையில் வேலை செய்யுமா?

தாய்லாந்தில் தொடங்கி பினாங்கு வழியாக மலேசிய வீடுகளுக்கு வந்த பழக்கம் இது. செய்முறை எளிது: 1 பங்கு பழுப்புச் சர்க்கரை, 3 பங்கு பழத்தோல், 10 பங்கு தண்ணீர், மூன்று மாதம். புளிக்கும்போது வாயு வரும் என்பதால் கண்ணாடி ஜாடி வேண்டாம், பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றி முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து விடுங்கள்.

கடைசியில் கிடைப்பது வினிகர் போன்ற புளிப்புத் திரவம். தரை துடைக்க, லேசான எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க, வாடை போக்க உதவும். குப்பையும் குறையும். ஓசோன் படலத்தைச் சரிசெய்யும் என்றெல்லாம் வரும் வாட்ஸ்அப் செய்திகளை விட்டுவிடுங்கள். இதையும் பிளீச்சோடு கலக்கக் கூடாது.

'இயற்கை' என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

புட்டியில் பச்சை இலைப் படம் யார் வேண்டுமானாலும் போடலாம். அதைவிட, சுயேச்சையாகச் சரிபார்க்கப்பட்ட முத்திரையைத் தேடுங்கள். மலேசியாவில் மைஹிஜாவ் முத்திரையும் சிரிம் சுற்றுச்சூழல் முத்திரையும் இருக்கின்றன. பூச்சிமருந்து என்றால் 1974-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவு எண் இருக்க வேண்டும், அது எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும். எண் இல்லாத 'மூலிகை' ஸ்ப்ரேயில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இந்த வாரமே செய்யக்கூடியவை

• தூங்கும் அறையிலிருந்து கொசுவர்த்தியை எடுத்துவிட்டு ஜன்னலுக்கு வலை போடுங்கள்.
• தேங்கிய தண்ணீரைத் தேட வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.
• அந்துருண்டையை வெளியேற்றுங்கள், சூடத்தைப் பூட்டி வையுங்கள்.
• எல்லா கிரீமின் எண்ணையும் ஒரு முறை சரிபாருங்கள்.
• சுத்தம் செய்யும் திரவங்களைக் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் குடித்துவிடுவார்கள்.

இவை எதற்கும் பெரிய செலவு இல்லை. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் பிறகு வரட்டும்.

குழந்தை ஏதாவது விழுங்கிவிட்டால் நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் அழைக்கலாம். மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் நேரம் கடத்தாமல் 999. விழுங்கிய பொருளின் புட்டியையோ பாக்கெட்டையோ கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.